கான் இழுத்துவிடும்

"மக்டலின் அம்மாவப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ மூப்பர். பிரசங்கத்தில சொல்லவேணும்" என்று புதுச் சுவாமி கொப்பியை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தபோது கிறிஸ்தோபருக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் அவள் கிடந்தாள். தலைமாட்டில் மெழுகுதிரி, கால்மாட்டில் மகள் மெலனி, சுற்றிவரப் பிளாஸ்ரிக் கதிரைகளில் கோயில் பங்குச் சனம். வெளியே மார்கழி மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்தோபர் முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்குப் படகான பார்ஜில் வேலைக்கு நின்றவர். பாரம் ஏற்றிய பார்ஜ் தூரத்தில் வரும்போதே, தண்ணீர் அதன் விலாவில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து உள்ளே எத்தனை மூடை என்று சொல்லிவிடுவார். இப்போது கோயில் மூப்பர், அடக்கச் சபைத் தலைவர். இந்தப் பங்கில் செத்தவர் எல்லோரைப் பற்றியும் சுவாமிமாருக்கு இரண்டு வார்த்தை எடுத்துக்கொடுக்கிறவரே அவர்தான். முப்பத்துநாலு வருடம் கூட இருந்த தன் பெண்சாதியைப் பற்றிக் கேட்டதும், வெறும் அலுமாரியைத் திறந்தவர்போல நின்றார்.

"பெரிசா ஒண்டும் இல்லச் சுவாமி. வீட்டோட இருந்தவ. பூசைக்கு ஒழுங்கா வருவா. அவ்வளவுதான்."

சுவாமி 'வீட்டோடு இருந்தவர்' என்று எழுதினார். இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பேனாவை மூடினார்.

மூன்று நாளில் இரண்டாவது தடவை கிறிஸ்தோபர் அதைச் சொல்கிறார். முதல் தடவை ஆஸ்பத்திரியில். காய்ச்சல் என்று கொண்டுபோன மூன்றாம் நாள் அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது, கண் மஞ்சளாகிவிட்டது. டொக்டர் பெடியன் அவளுடைய கணுக்காலில் இருந்த வெட்டைக் காட்டி, "அம்மா வயல்ல வேலை செய்யிறவவோ? தண்ணிக்குள்ள நிண்டு செய்யிற வேலை ஏதும்?" என்று கேட்டார். கிறிஸ்தோபருக்குச் சிரிப்பே வந்தது. "எங்கட மனுசியோ? கிணத்தடிதான் டொக்டர் அவவின்ர கடல்" என்றார். டொக்டர் சிரிக்கவில்லை, திரும்பவும் அதையே கேட்டார். இவரும் இல்லை, வீட்டோட இருக்கிறவ என்றார். பிறகு இரத்தம் சோதித்துவிட்டு எலிக்காய்ச்சல் என்றார்கள், பிந்திவிட்டது என்றார்கள். வயலுக்கும் கானுக்கும் போகாதவளுக்கு எலிக்காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று அவர் செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். 

காலையிலேயே அஞ்சலோ வந்து முற்றத்தில் நின்றான். குழி வெட்டுகிறவன், நெஞ்சு வரைக்கும் சேறு. மழைக்குள் நின்றபடியே கூப்பிட்டான்.

"மூப்பர், வெட்டி முடிஞ்சுது. ஆனா இடுப்பளவுக்குத் தண்ணி வரும்போல கிடக்கு. இப்பவே முழங்கால்."

"மழை நாள்ல எப்பவும் வாறதுதானே. பின்னேரத்துக்குள்ள கான் இழுத்துவிடும். நீ தறப்பாளை மூடிப்போட்டுப் போ."

அஞ்சலோ தலையாட்டினான். அரைப் போத்தல் சாராயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பின்வழியால் போனான். குழி வெட்டினவன் பெட்டி வருவதைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவன் போய்ப் படுத்தால் மறுநாள்தான் எழும்புவான்.

அந்தக் கான், தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால், கிறிஸ்தோபருடையது. அவர்களுடைய சேமக்காலை, கல்லறைகள் இருக்கிற அந்த ஒன்றரை ஏக்கர், உப்பங்கழிக் களப்போடு ஒட்டிய பள்ளக் காணி. மாரி காலத்தில் நாலடி வெட்டினால் தண்ணீர் கிளம்பும். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு மழைநாளில் கூத்துப் பழக்குகிற சவரிமுத்து அண்ணாவியாரின் பெட்டி மிதந்து, நாலு பேர் தடியால் அமத்திப் பிடிக்க மற்றவர்கள் மண் போட்டார்கள். அண்ணாவியாரின் பெண்சாதி அதைப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் கிறிஸ்தோபர் பங்குக் கூட்டத்தில் எழும்பி, களப்புக்கு ஒரு கான் வெட்டினால் தண்ணீரெல்லாம் அதால் வடிந்துவிடும் என்றார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய றிக்சன் பின்வரிசை வாங்கிலிருந்து கேட்டான்: "மூப்பர், மாரியில களப்பு நிலத்தவிட உயர நிக்குமே. அப்ப உங்கட கான் வெளிய இழுக்குமோ, உள்ள இழுக்குமோ?" கிறிஸ்தோபர் விடவில்லை. "குடிச்சுப்போட்டுக் கக்குற உன்ர தொண்டை மாதிரி இல்ல றிக்சன். சேமக்காலைக் கான் ஒரு பக்கம்தான் இழுக்கும்." சனம் சிரித்துச் சிரித்துக் கான் வெட்ட ஒத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் மிதக்கவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் குழியின் அடியில் காய்ந்த மணல் வெள்ளையாகக் கிடக்கும். கானில் தண்ணீர் தளும்பி நின்றால், "பாத்தியளோ, எப்பிடி இழுத்திருக்குது" என்று கிறிஸ்தோபர் கைகாட்டுவார். திருநாளன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கானின் வாயில் சீமெந்துக் கல் ஒன்றில் அவருடைய பெயரை வெட்டி நட்டார்கள். றிக்சன்கூட வந்து கைகொடுத்தான். அன்றைக்கு மக்டலின் கல்லைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "வடிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கதையெல்லாம் எப்போதும் அவ்வளவுதான்.

அடக்க நாட்களில் அவளோடு அவருக்கு ஒரே ஒரு சண்டை இருந்தது. மழைக்காலச் செத்தவீடென்றால் அவள் கோயிலடியில் நிற்கமாட்டாள். பூசை நடக்கும்போது காணவே முடியாது. பெட்டி சேமக்காலைக்கு வந்த பிறகு பெண்களுக்குப் பின்னால் வந்து நிற்பாள், சீலைக் கரை நனைந்து, கால் முழுக்கச் சேறாக. "மூப்பரின்ர பெண்சாதி பூசைக்கு நிக்காம எங்க மேயப் போறாய்? சனம் என்ன கதைக்கும்?" என்று வீட்டுக்கு வந்ததும் பேசுவார். "குசினியில தேத்தண்ணி போட ஆள் இல்ல, நிண்டிட்டன். வாற வழியில தண்ணி" என்பாள். கடைசியாக ஒன்பது நாளைக்கு முந்தித்தான் அந்தச் சண்டை நடந்தது. அன்று அவர் கொஞ்சம் கூடவே பேசிவிட்டார். அவள் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சோறு போட்டாள்.

மூன்றரை மணிக்குத் துக்கமணி அடித்தது. பிரசங்கத்தில் சுவாமி 'வீட்டோடு இருந்தவர்' என்பதை இழுத்து நீட்டி, குடும்பத்துக்கு விளக்காக இருந்தவர் என்று முடித்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடையும் சேறுமாகச் சேமக்காலைக்கு வந்தார்கள். குழியின் வாயைத் தறப்பாள் மூடியிருந்தது, அதன்மேல் குறுக்காக இரண்டு மரம். பெட்டியை மரத்தில் வைத்துச் செபம் சொல்லி, கயிற்றில் பாரத்தை ஏற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் மரத்தையும் தறப்பாளையும் உருவுவார்கள். குழிக்குள் முதலே எட்டிப் பார்க்க வேண்டிய தேவை பன்னிரண்டு வருடமாக ஒருவருக்கும் வரவில்லை. கிறிஸ்தோபருக்கும் வரவில்லை. அவர் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்தார். "மெல்ல... மெல்ல... இறக்கு."

ஒரு கை நீளம் இறங்கியிருக்காது. கயிறு கையில் சட்டென்று தொய்ந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தார். குனிந்து பார்த்தார். குழி விளிம்புக்கு ஒரு முழம் கீழே கறுத்த தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் பெட்டி நின்றது. நின்று, மெதுவாகத் திரும்பியது. கால்மாட்டுப் பக்கம் போய்க் குழிச் சுவரில் 'தொக்' என்று இடித்தது. மேலே வைத்த பூவளையம் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கண் தானாகவே பெட்டியின் விலாவுக்குப் போனது. தண்ணீர் நாலு விரல் அளவுதான் தொட்டிருந்தது. பாரமில்லாத பார்ஜ். அவள் எவ்வளவு குறைந்துபோயிருந்தாள் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

"அப்பா" என்றாள் மெலனி. சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் பயமாக இருந்தது. "அப்பா, அம்மா மிதக்கிறா."

பெண்கள் பக்கத்திலிருந்து ஓலம் கிளம்பியது. யாரோ "தடி எடுங்கோடா, தடி" என்று கத்தினார்கள். ஒருவன் உருவிய மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், பெட்டியின் மூடியில் வைத்து அமத்துவதற்கு.

"அவவில தொட்டியெண்டால் உன்னையும் உள்ள தள்ளுவன்!" கிறிஸ்தோபரின் குரல் அவருக்கே யாருடையதோபோலக் கேட்டது. "இழுங்கோ. மேல இழுங்கோ."

இழுத்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட அதை மரத்தின்மேல் வைத்தார்கள். எல்லாரும் கிறிஸ்தோபரைப் பார்த்தார்கள். அவர் கானைப் பார்த்தார். கான் நிறையத் தண்ணீர் நின்றது. இழுத்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் பின்மதில் உடைந்த இடத்தால் பக்கீர் வந்தார். சேமக்காலைக்குப் பின்னால் ஃபைபர் வள்ளம் திருத்துகிற கொட்டில் அவருடையது. கிண்ணியாப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும், மேல் முழுக்க வெள்ளைத் தூள். ஒரு கையில் கயிறு கட்டிய தகர வாளி, மற்றக் கையில் சின்ன ஏணி. சனம் விலகி வழிவிட்டது.

"மன்னிக்கணும் மூப்பர். நான் வெள்ளெனவே வந்து இறைச்சிருக்கணும். இண்டைக்கு உங்கட ஆக்கள் யாராச்சும் பாத்திருப்பாங்க எண்டு இரிந்திட்டன். சத்தம் கேட்டுத்தான் ஓடி வாறன்."

"என்னத்தப் பாக்கிறது?"

"இறைக்கிறதத்தான். எப்பவும் அக்காதானே இறைக்கிறவங்க."

"எந்த அக்கா?" என்றார் கிறிஸ்தோபர்.

பக்கீர் திரும்பினார். மரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு மூப்பரின் முகத்தைப் பார்த்து, இந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியாது என்று விளங்கி, வாளியை நிலத்தில் வைத்தார்.

 கிறிஸ்தோபர் வாளியைப் பார்த்தார். பிடியில் கட்டியிருந்தது துறைமுகத்துக் கயிறு. அதில் போட்டிருந்த முடிச்சும் துறைமுகத்து முடிச்சு. எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகிச் சிக்காத அந்த முடிச்சைக் கலியாணம் முடித்த வருடம் ஆடு கட்டுவதற்கென்று அவர்தான் ஒருத்திக்குப் பழக்கிக்கொடுத்தார். வால் நுனியை வெளிப்பக்கம் விடாதே என்று நாலைந்து தரம் சொன்னார். அவள் கேட்கவில்லை, கடைசிவரை வெளிப்பக்கம்தான் விடுவாள். வாளியின் முடிச்சில் வால் வெளிப்பக்கம் கிடந்தது.

"எவ்வளவு காலமா?" மெலனிதான் கேட்டாள்.

"நான் இங்க கொட்டில் போட்டது தொட்டு மகள். அதுக்கு முந்தியும் இரிக்கும். மாரியில ஒரு மையத்து, ஒரு சாவு விழுந்தா, அஞ்சலோ அங்கால போவான், அக்கா இங்கால வருவாங்க. மேல நிண்டு கிணத்தில அள்ளுற மாதிரி அள்ளுவாங்க, அடித்தண்ணிக்கு ஏணி வச்சு உள்ள இறங்குவாங்க. பொறகு என்ர மணல்ல ரெண்டு மூடை கேட்டு அடியில பரப்புவாங்க. நான் தாறன் எண்டு வாளியக் கேட்டாலும் குடுக்கமாட்டாங்க. வாளிக்கு ஒரு செபம் கணக்காம். கேட்டுக் கேட்டு உங்கட செபம் எனக்கே பாதி பாடம்."

 அண்ணாவியாரின் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே நின்றவர்களில் தாயையோ தகப்பனையோ புருசனையோ மாரி மழையில் புதைக்காத வீடு குறைவு. ஒவ்வொருவரும் அந்த வெள்ளை மணலைக் கண்டவர்கள்தான்.

"ஏன் அங்கிள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?" என்றாள் மெலனி.

"சொல்லவேணாம் எண்டவங்க." பக்கீர் தயங்கினார். "சொன்னா மூப்பர்ட கல்ல ஆக்கள் உடைச்சிருவாங்க எண்டாங்க."

கிறிஸ்தோபர் ஏணியைக் குழிக்குள் வைத்துச் சேர்ட்டோடே இறங்கப் போனார். பக்கீர் அவருடைய கையைப் பிடித்தார்.

"முதல்ல கான் வாய அடைக்கணும் மூப்பர். இல்லாட்டி விடிய விடிய இறைச்சாலும் முடியாது. மூடை அந்தக் கல்லுக்குப் பின்னாலதான் இரிக்கி."

"கான் வாயையோ?"

"ஓம். தண்ணி அதாலதானே வருது."

றிக்சன் அங்கேதான் நின்றான். பன்னிரண்டு வருடமாக அவன் காத்திருந்த இடம் இது. கிறிஸ்தோபர் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.  றிக்சன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய், கிறிஸ்தோபரின் பெயர் வெட்டிய கல்லுக்குப் பின்னால் கையை விட்டு மணல் மூடைகளை இழுத்தான். மா மூடைச் சாக்கில் கையால் தைத்த சின்ன மூடைகள், ஒரு பெண்பிள்ளை தனியாகத் தூக்கக்கூடிய அளவு. அவற்றைக் கானின் வாயில் அடுக்கிக் காலால் மிதித்தான். களப்புப் பக்கம் தண்ணீர் உயர்ந்து நின்றது. இந்தப் பக்கம் ஓட்டம் நின்றது. குழந்தைக்கும் விளங்கும்.

கிறிஸ்தோபர் குழிக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, குளிர் முதுகில் ஏறியது. அள்ளி மேலே கொடுத்தார், பக்கீர் வாங்கி ஊற்றினார். பத்து வாளி போனபிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ செபத்தை எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு செபம் முடிவதற்குள் அவர் மூன்று வாளி அள்ளிவிட்டார். அப்படியென்றால் அவள் எவ்வளவு மெதுவாக அள்ளியிருக்கவேண்டும். எவ்வளவு நேரம் நின்றிருக்கவேண்டும். அவர் கோயில் வாசலில் சால்வையோடு நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம். 'தண்ணிக்குள்ள நிண்டு செய்யிற வேலை ஏதும்?' டொக்டர் பெடியன் இரண்டு தரம் கேட்டார். அப்போது அவள் கட்டிலில் கண் திறந்துதான் கிடந்தாள். வாய்தான் எழவில்லை. கிணத்தடிதான் அவவின்ர கடல் என்று இவர் பகிடி விட்டபோது அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியை மேலே நீட்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"தாங்கோ மூப்பர்" என்றார் பக்கீர்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி அடி தெரிந்தது. பக்கீரின் மணலைக் கொட்டினார்கள். கிறிஸ்தோபர் குனிந்து உள்ளங்கையால் அதைப் பரப்பினார், மேடு பள்ளம் இல்லாமல். கரையில் மணல் அதற்குள்ளேயே கறுக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஏறி வந்ததும் பெட்டி இறங்கியது. இந்த முறை கயிறு கடைசிவரை பாரத்தோடு போய், சத்தமில்லாமல் நின்றது. சுவாமி கையில் மண்ணை எடுத்தவர் ஏதோ சொல்ல நினைத்து, பையிலிருந்த கொப்பியைத் தொட்டுவிட்டு, மண்ணைப் போட்டார்.

மண் மூடி முடிந்ததும் சனம் வழக்கம்போல வரிசையாக வந்தது. கைகொடுக்க முடியவில்லை, கிறிஸ்தோபரின் கையில் வாளி இருந்தது. கீழே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவராக அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மெலனி குடையோடு படலையடியில் நின்றாள்.

"வாளிய வீட்ட கொண்டுபோறீங்களா, இல்ல இரிந்த இடத்தில கொழுவவா?" என்று பக்கீர் கேட்டார்.

கிறிஸ்தோபர் வாளியோடு மதில் உடைந்த இடத்தால் பக்கீருக்குப் பின்னால் போனார். கொட்டிலின் ஓரத்தில், ஓலைச் செத்தைச் சுவரில் இரண்டு ஆணி அடித்திருந்தது. ஒன்று வெறுமையாக இருந்தது. மற்றதில் ஒரு சட்டை தொங்கியது. துறைமுகத்தில் கொடுத்த நீலச் சட்டை, அவர் வேலையிலிருந்து நின்ற வருடம் யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவள் சொன்னது. சீலைக்கு மேல் போட்டு இறைத்திருப்பாள். கை இரண்டும் அவளுடைய அளவுக்கு மடித்துத் தைத்திருந்தன. கிறிஸ்தோபர் வாளியை வெறும் ஆணியில் கொழுவினார். பிறகு சட்டையைத் தொட்டார். தோளில் சேறு காய்ந்து விரலில் உதிர்ந்தது. மடித்துத் தைத்த இடத்தில், ஒன்பது நாளைக்குப் பிறகும், ஈரம் காயாமல் இருந்தது.